சிந்திய கதிர் யாருக்குரியது?

அறுவடை முடிந்த வயலில் கதிர் எஞ்சுவது இயல்பு. அரிவாளுக்குத் தப்பியவை, கட்டிலிருந்து நழுவியவை, வண்டியில் ஏற்றும்போது உதிர்ந்தவை என அவை பலவாம். அவற்றைக் குனிந்து பொறுக்கி வயிறு வளர்ப்பதை வடமொழியாளர் உஞ்சவிருத்தி என்றனர். அவ்வாறு வாழ்ந்த குருட்சேத்திரத்து அந்தணன் ஒருவன், பசித்து வந்த விருந்தினனுக்குத் தன் குடும்பத்தின் மாவு முழுவதையும் ஈந்த கதை மகாபாரதத்தின் அசுவமேதிக பருவத்தில் உண்டு. தருமனின் வேள்வி அக்கொடைக்கு ஈடாகாது என்று பாதியுடல் பொன்னான கீரி ஒன்று அவையில் வந்து சொல்லும். தமிழகத்திலோ அச்சொல் பொருள் திரிந்து, இறைநாமம் பாடித் தெருவில் அரிசி பெறுவதைக் குறிக்கலாயிற்று. சிந்திய கதிர் கொடுப்பவனின் அருளா, எடுப்பவனின் உரிமையா என்னும் வினா மேலைநாட்டில் பெரிய வழக்காகவே மூண்டது.

அதன் வேர் யூதரின் பழைய சட்டத்தில் உள்ளது. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்கலாகாது. சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது. அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியன என்று லேவியராகமம் விதிக்கிறது. மறந்து விடப்பட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லவும் கூடாது என்கிறது உபாகமம். கணவனை இழந்த மோவாபிய நாட்டுப் பெண் ரூத், பெத்லகேமில் போவாஸின் வாற்கோதுமை வயலில் கதிர் பொறுக்கியது இந்த விதியின்படியே. பிற்காலத்து மிஷ்னா நூல் இதற்கு அளவும் வகுத்தது. ஏழைக்கென விடும் வயலோரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. ஒரே இடத்தில் இரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் உரியவனுக்கு என்பது ஹில்லேல் பள்ளியின் முடிவு. எண்ணிப் பார்த்து வகுத்த இக்கணக்கில் ஒன்று தெளிவாகிறது. ஏழை அங்கே இரந்து நிற்கவில்லை. தன் பங்கை எடுக்க வருகிறான்.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் எழுதாச் சட்டமாகவே நிலவியது. அறுவடைக்குப் பின் பிறர் நிலத்துள் ஏழைகள் புகுந்து கதிர் பொறுக்குவது அத்துமீறல் ஆகாது என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனும் எழுதியிருந்தார். 1787ஆம் ஆண்டில் சஃபோக் மாவட்டத்து டிம்வொர்த் என்னும் சிற்றூரில், ஜேம்ஸ் ஸ்டீல் என்பவரின் வயலில் மேரி ஹூட்டன் என்ற பெண் கதிர் பொறுக்கினாள். ஸ்டீல் அவள் மீதும் அவள் கணவன் ஜான் மீதும் வழக்குத் தொடுத்தார். அவ்வூருக்கு அருகிலுள்ள கல்ஃபோர்டில்தான் கார்ன்வாலிஸ் பிரபுவின் மாளிகை இருந்தது. அவர் அப்போது கல்கத்தாவில் தலைமை ஆளுநர். நிலம் யாருடையது என்னும் கேள்விக்கு 1793இல் வங்காளத்தில் நிலையான தீர்வை கண்டவரும் அவரே. ஒரே காலத்தின் காற்று இரு நாடுகளிலும் வீசியது எனலாம்.

வழக்கு காமன் பிளீஸ் நீதிமன்றத்தில் 1788இல் முடிவுற்றது. நீதிபதிகள் நால்வர். மோசேயின் சட்டம் ஆங்கிலேயரைக் கட்டுப்படுத்தாது என்றும், வறியோரைப் புரப்பதற்கு வரி வாங்கும் ஏழையர் சட்டம் தனியே உண்டு என்றும் நீதிபதி ஹீத் உரைத்தார். தலைமை நீதிபதி லஃபரோ பிரபுவின் வாதம் இன்னும் கூர்மையானது. தனிச் சொத்து என்றால் பிறர் நுழைய இயலாத சொத்து. ‘ஏழை’ என்பவர் யார் என வரையறுக்கவும் இயலாது என்றார் அவர். உழவனின் ஆதாயம் குறைந்தால் அவன் செலுத்தும் ஏழையர் வரியும் குறையும். ஆகவே இலையுதிர் காலத்தில் கதிர் பொறுக்கும் ஏழை வசந்தத்தில் பட்டினி கிடக்க நேரும் என்றும் சொன்னார். குனிந்து பொறுக்கும் ஒரு பெண்ணின் கைப்பிடிக் கதிரிலிருந்து ஒரு நாட்டின் பஞ்சத்தை வருவித்த இந்தத் தருக்கம் வியப்புக்குரியது. நீதிபதி கூல்ட் ஒருவரே மறுத்தார். திருமறையும், முன்னோர் எழுதிய சட்ட நூல்களும், நாடெங்கும் நிலவும் வழக்கமும் இவ்வுரிமைக்குச் சான்று என்பது அவர் கருத்து. மூவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. கதிர் பொறுக்கப் பொதுச் சட்டத்தில் உரிமை இல்லை என்றாயிற்று.

தீர்ப்பு ஒன்று, ஊர் நடப்பு வேறு. அடுத்த நூறாண்டுகளிலும் கிழக்கு இங்கிலாந்தின் பெண்டிரும் சிறுவரும் வயலுக்குச் சென்றவண்ணமே இருந்தனர். பல ஊர்களில் காலையில் தேவாலய மணி ஒலித்த பின்னரே வயலில் இறங்கலாம். மாலை மணி ஒலித்தால் வெளியேற வேண்டும். முதியோரும் கைக்குழந்தையுடன் வருவோரும் மற்றவர்க்குப் பின்தங்கிவிடாதிருக்க ஏற்பட்ட ஒழுங்கு இது. வயலில் ஒரே ஓர் அரிக்கட்டு நிறுத்தப்பட்டிருந்தால் உள்ளே வராதே என்று பொருள். அதைக் ‘காவலர்’ என்றே அழைத்தனர். கட்டு அகற்றப்பட்டதும் அனைவரும் நுழைவர். சேர்த்த கோதுமை ஆலையில் மாவாகிக் குளிர்காலத்து ரொட்டியாகும். கூலிக்காரக் குடும்பத்தில் இது பெண்களும் பிள்ளைகளும் ஈட்டிய பொருள் என்பதை வரலாற்றாசிரியர் பலர் நெடுங்காலம் கவனியாது விட்டனர்.

பிரான்சில் இரண்டாம் ஹென்றி மன்னன் 1554இல் கட்டளையிட்டு ஏழைக்கும் நலிந்தோர்க்கும் இவ்வுரிமையை உறுதி செய்திருந்தான். மிய்யே என்னும் ஓவியர் 1857இல் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களைப் பெரிய திரையில் தீட்டிக் காட்சிக்கு வைத்தபோது பாரிஸின் செல்வர் சிலர் முகம் சுளித்தனர். ஓவியத்தின் பின்புறத்தில் மலைபோல் குவிந்த போர்கள். முன்னே முதுகு வளைந்த மூவர். அந்த இடைவெளியே அவர்களை உறுத்தியது போலும்.

அறுவடை இயந்திரமும் குதிரை இழுக்கும் வாரியும் வந்தபின் வயலில் சிந்துவது குறைந்தது. ரொட்டியும் கடையில் மலிவாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் கதிர் பொறுக்குதல் ஏறத்தாழ மறைந்தது. ஆயினும் மிச்சம் ஒழியவில்லை; அது வேறு உருவம் கொண்டது. அளவில் பெரிது, வடிவில் கோணல், தோலில் தழும்பு என்று வணிகர் ஒதுக்கிய கிழங்கும் காயும் கனியும் டன் கணக்கில் வயலிலேயே அழுகலாயின.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மெதடிஸ்ட் போதகர் இருவர் 1979இல் தொடங்கிய புனித ஆண்ட்ரூ சங்கம், 1983இல் இவ்வாறு ஒதுக்கப்பட்ட உருளைக்கிழங்கைப் பெற்றுப் பசித்தோர்க்கு அனுப்பும் பணியை மேற்கொண்டது. சில ஆண்டுகளில் தொண்டர்களைத் திரட்டி வயலுக்கே அழைத்துச் சென்று பொறுக்கும் முறையையும் கைக்கொண்டது. உணவு கொடுத்தால் பின்னர் வழக்கு வருமோ என்று அஞ்சிய உழவர்க்கும் வணிகர்க்கும் 1996ஆம் ஆண்டின் பில் எமர்சன் சட்டம் காப்பளித்தது. அச்சட்டம் கதிர் பொறுக்குபவர் யார் என்று வரையறுக்கவும் செய்கிறது. உரியவர் நன்கொடையாக அளித்த விளைச்சலை, வறியோர்க்கு இலவசமாக வழங்கும் பொருட்டு அறுப்பவரே அவர். ரூத்தும் மேரி ஹூட்டனும் இந்த வரையறைக்குள் வாரார். அவர்கள் தம் பசிக்காகப் பொறுக்கியவர்கள். பழைய உரிமை அருளாக மாறிய வரலாறு இவ்வொரு சொல்விளக்கத்தில் அடங்கியுள்ளது. ஆயினும் அழுகவிருந்த உணவு அடுப்பேறுகிறது என்பதும் சிறிய செய்தியன்று.

வயலிலிருந்து இவ்வெண்ணம் வீட்டுத் தோட்டத்துக்கும் பரவியது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் தோட்டக்கலைப் பத்தி எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், தத்தம் தோட்டத்தில் ஒரு வரிசை கூடுதலாக விதைத்து, அதன் விளைவை அந்நகரின் பீன்ஸ் கஃபே என்னும் அன்னசாலைக்குத் தரும்படி வாசகரை வேண்டினார். தோட்ட எழுத்தாளர் சங்கம் 1995இல் அதை நாடளாவிய இயக்கமாக்கியது. வயலோரத்தை விட்டுவைத்த பழைய விதிக்கு இது நெருங்கிய உறவு. அறுத்தபின் மிஞ்சுவதன்று, விதைக்கும்போதே ஒதுக்கப்படுவது.

மேரி ஹூட்டன் தோற்ற இங்கிலாந்திலும் 2012 முதல் தொண்டர் குழுக்கள் மீண்டும் வயலில் இறங்குகின்றன. இப்போது மணி ஒலிப்பதில்லை. வாங்குவோர் இன்றி நிற்கும் முட்டைக்கோசையோ ஆப்பிளையோ பற்றி உழவர் சொல்லியனுப்புகிறார். அடுத்த உழவு தொடங்குமுன் சென்றாக வேண்டும் என்பதால் அழைப்பு பெரும்பாலும் திடீரென வரும். மாணவரும் ஓய்வு பெற்றோரும் கூடைகளுடன் வரப்பில் காத்திருந்து, உரியவர் கைகாட்டியதும் உள்ளே செல்கின்றனர்.