ஆய்வுக்கு ஓர் அறையும் சிறிது நேரமும்

பல்கலைக்கழக ஆசிரியரின் ஆய்வுத்திறனை வளர்ப்பது எது? இன்று இக்கேள்விக்கான விடையை மதிப்பெண் பட்டியல்களில் தேடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் கல்கத்தாவும் டாக்காவும் அளித்த விடை வேறு. அதை நினைவுகூரவே இந்தப் பதிவு.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தோன்றிய பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கல்லூரிகளை இணைத்தல், தேர்வு நடத்துதல், பட்டம் வழங்குதல் ஆகியவையே அவற்றின் பணிகள். பாடம் கல்லூரிகளில் நடந்தது. ஆய்வு எவருடைய கடமையும் அன்று. 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம்தான் பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்க வழிவகுத்தது.

அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் 1906-இல் கல்கத்தாவின் துணைவேந்தரான அசுதோஷ் முகர்ஜி. தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய வழக்கறிஞர்களின் நன்கொடையைக் கொண்டு ஆய்வுப் பேராசிரியர் இருக்கைகளை அவர் நிறுவினார். 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இயற்பியலுக்கான பாலித் இருக்கைக்கு அவர் தேர்ந்தெடுத்தவர், அரசின் நிதித்துறையில் பணியாற்றிய சி. வி. இராமன்.

இராமன் 1907 முதலே அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்துவந்தார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அந்தக் கழகம், ஒரு கணக்கு அதிகாரிக்குத் தன் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1917-இல் அவர் மிகக் குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்றார். இருக்கைக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. ஆய்வே அவருடைய முதற்கடமை. முதுகலை வகுப்பெடுக்கும் கட்டாயம் இல்லை. ஆயினும் அவர் விரும்பிக் கற்பித்தார். கே. எஸ். கிருஷ்ணன் போன்ற இளைஞர்கள் அவரைச் சுற்றித் திரண்டனர். 1928 பிப்ரவரி 28 அன்று வெளிப்பட்ட கண்டுபிடிப்பு அத்தகைய கூட்டுழைப்பின் விளைவு.

கற்பித்தல் ஆய்வுக்குத் தடை என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 1921-இல் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்யேந்திரநாத் போஸ் ரீடராக இருந்தார். பிளாங்க் விதியை மாணவர்களுக்குக் கற்பிக்கையில், வழக்கமான நிறுவல்முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. அந்த மனக்குறையிலிருந்தே 1924-இல் அவர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை பிறந்தது. அச்சில் அது நான்கே பக்கம். அதன் பிறகு இரண்டாண்டுகள் ஐரோப்பாவில் தங்கிப் பயிலப் பல்கலைக்கழகம் அவருக்கு விடுப்பு வழங்கியது. முனைவர் பட்டம் பெறாத அவரே பின்னர் அங்குப் பேராசிரியருமானார். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணியிருந்தால் அவருடைய இடம் எதுவாக இருந்திருக்கும்?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, பதவி உயர்வைக் கல்விச் செயல்திறன் குறியீட்டு மதிப்பெண்ணோடு இணைத்தது. கட்டுரை, கருத்தரங்கு, நூல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அதே விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை விதித்தது. நேரம் கூடவில்லை, கணக்கு மட்டும் கூடியது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது.

கல்கத்தாவைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று. அங்கும் பணமுடை இருந்தது, பதவிப்பூசல் இருந்தது, அறையும் நேரமும் பெற்ற எல்லோரும் இராமன் ஆகிவிடவுமில்லை. மதிப்பீடே கூடாது என்பதும் என் வாதமன்று. ஆனால் விளைச்சலை அளப்பவர் நிலத்துக்கு நீர் பாய்ந்ததா என்றும் கேட்க வேண்டும். திறந்திருக்கும் ஆய்வகம், விவாதிக்க உடன்பணியாளர், குறுக்கீடற்ற சில மணி நேரம், தாமதத்தைப் பொறுக்கும் நிருவாகம்: அன்று ஆய்வை வளர்த்தவை இவைதாம்.

ஆறு மாத ஒப்பந்தத்தில், அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று அறியாமல் வகுப்பெடுக்கும் ஓர் இளம் ஆசிரியரிடம் ‘இந்த ஆண்டு எத்தனை கட்டுரை?’ என்று கேட்கிறோம். அவருக்கு இவற்றில் எதைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறோம்?