நீதிப்புனராய்வுக்கு உட்படும் முடிவுகள்

நீதிப்புனராய்வு என்பது அரசும் பொதுக்கடமை ஆற்றும் அமைப்புகளும் எடுக்கும் முடிவுகள் சட்டத்துக்கு இசைந்தவையா என ஆராய்வதற்கு, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கு வழங்கும் அதிகாரமாகும். திருநெல்வேலி மாவட்டத்துக்கு இவ்வதிகாரத்தை 2004 ஜூலை 24 முதல் இயங்கிவரும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை செலுத்துகிறது.

மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி, அரசுப் பல்கலைக்கழகம், தீர்ப்பாயம் ஆகியவற்றின் ஆணைகள் அதிகார வரம்பு மீறல், இயற்கை நீதி மீறல் (பாதிக்கப்படுவோரின் தரப்பைக் கேளாமை முதலியன), வெளிப்படையான நியாயமின்மை ஆகிய காரணங்களால் புனராய்வுக்கு உட்படும். இது மேல்முறையீடு அன்று என்பதால், நீதிமன்றம் முடிவின் நன்மை தீமைகளைவிட அது எட்டப்பட்ட முறையையே ஆராய்கிறது. தனியாரிடையேயான ஒப்பந்தத் தகராறுகள் பொதுவாக இதில் அடங்கா. கொள்கை முடிவுகளிலும், வேறு சட்டத் தீர்வுவழி உள்ளபோதும் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடுவதில்லை.

திருநெல்வேலி வழியே ஓடும் தாமிரபரணி ஆறு தொடர்பான வழக்குகள் நீதிமன்றம் தலையிடுதல், தலையிடாமை ஆகிய இரு போக்குகளையும் காட்டுகின்றன: கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த பொதுநல வழக்கில் 2010 டிசம்பரில் ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதே மாவட்டத்திலுள்ள கங்கைகொண்டான் தொழிற்பேட்டையின் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் வழங்குவதை எதிர்த்த மனுக்களில் 2016இல் இடைக்காலத் தடை பிறப்பிக்கப்பட்டு, 2017 மார்ச்சில் அம்மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டன.