பெயர் ஒன்று, ஆள் வேறு

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "எல்லாரும் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தியே எழுதித் தள்ளுறாங்க. நீயாவது வரலாறு ஏதாவது எழுதுப்பா" என்றார். நானோ சிவில் இன்ஜினியர். ஆனாலும் ஒரே பெயர் கொண்ட இருவரைப் பற்றி எங்கே படித்தாலும் நின்று படிப்பேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பண்டைய கிரேக்கர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கும் உண்டு. அதனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அடையாளத்துக்கு அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்ப்பார்கள், நம்ம இனிஷியல் மாதிரி. அது விட்டுப்போனால் வந்தது வினை!

யூக்ளிட் கதையைக் கேளுங்கள். நாம் படித்த ஜியோமெட்ரிக்கு மூலமான 13 பாகங்கள் கொண்ட 'எலிமென்ட்ஸ்' நூலை எழுதியவர் அலெக்சாந்திரியா யூக்ளிட். காலம் சுமார் கி.மு. 300. மெகாரா ஊர் யூக்ளிட் வேறு ஆள். சாக்ரடீஸின் சீடர். கி.மு. 399-இல் குரு விஷம் குடித்தபோது பக்கத்தில் இருந்தவர். ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளி. ஆனாலும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ், ஜியோமெட்ரி யூக்ளிடை பிளேட்டோ காலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிழை வளர்ந்தது. 1505-இல் வெனிஸில் அச்சான லத்தீன் மொழிபெயர்ப்பிலும், 1570-இல் லண்டனில் வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் ஆசிரியர் 'மெகாரா யூக்ளிட்' என்றே போட்டார்கள். 1572-இல் இத்தாலியக் கணித அறிஞர் கொமாண்டினோ தமது பதிப்பில் இருவரும் வேறு என்று எடுத்துக்காட்டினார்.

ஹிப்போகிராட்டஸ் என்றதும் டாக்டர்கள் எடுக்கும் உறுதிமொழிதான் ஞாபகம் வரும். அவர் கோஸ் தீவுக்காரர். அதே நூற்றாண்டில் கியோஸ் தீவில் இன்னொரு ஹிப்போகிராட்டஸ். தீவுப் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாருங்கள்! இவர் கணிதர். வட்ட வில்களால் ஆன பிறை வடிவத்தின் பரப்பு ஒரு முக்கோணத்தின் பரப்புக்குச் சரியாக இருப்பதை நிறுவியவர். இவ்வளவு மூளை இருந்தும், பைசாந்தியத்தில் சுங்கக்காரர்களிடம் ஏமாந்து பணத்தைக் கோட்டைவிட்டார் என்கிறார் அரிஸ்டாட்டில்.

தாலமி விஷயம் இன்னும் வேடிக்கை. எகிப்தை ஆண்ட தாலமி அரச வம்சம் கி.மு. 30-இல் முடிந்தது. வானியல் அறிஞர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்காரர். நம்ம மதுரையைப் பாண்டியர் தலைநகராகத் தமது புவியியல் நூலில் குறித்தவர் இவரே. வாடிகனில் ரஃபேல் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தில் இவர் தலையில் கிரீடம் இருக்கிறது! பெயர் செய்த வேலை.

இந்தத் தலைவலி கிரேக்கர்களுக்கே தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியா ஊர் டெமெட்ரியஸ், ஒரே பெயர் கொண்ட கவிஞர்கள், எழுத்தாளர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தத்துவ ஞானிகளின் வரலாறு எழுதிய டயோஜினஸ் லயர்ஷியஸ் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். தேல்ஸ் பெயரில் இன்னும் ஐந்து பேர், தியோடோரஸ் என்று இருபது பேர் எனப் பட்டியல் போடுகிறார். இது வீண் வேலை என்று ஒருகாலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

இனி என் கதை. எங்கள் செட்டில் என் பெயரும் என் இனிஷியலும் கொண்ட ஒருவன் மெக்கானிக்கலில் இருந்தான். கல்லூரி ஆண்டு மலரில் கைப்பம்பு பழுது பற்றி அருமையான கட்டுரை எழுதினான். பெயர் மட்டும் அச்சானது, பிரிவு விட்டுப்போனது. இன்டர்வியூவில் ஒரு பெரியவர் அந்த மலரைப் படித்திருந்தார். "கைப்பம்பு கட்டுரை நீங்க எழுதினதுதானே? பிரமாதம்" என்றார். நான் "தேங்க் யூ சார்" என்றேன். அவ்வளவுதான். வேலை கிடைத்தது. அதனால்தான் கிடைத்ததா, தெரியாது. அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

யூக்ளிடுக்குக் கொமாண்டினோ வந்தார். என் பிழையை நான்தான் திருத்த வேண்டும். நண்பா, அந்தக் கட்டுரை உன்னுடையது. இதே மலரில் இதை அச்சேற்றிவிட்டேன். மதியச் சாப்பாட்டின்போது நேரிலும் சொல்கிறேன், திட்டுவதானால் திட்டு.

மாணவத் தம்பி தங்கைகளே, எதில் பெயர் போட்டாலும் பிரிவையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவர் பாராட்டு உங்களைத் தேடி வந்தால், அங்கேயே அப்போதே "அது நான் இல்லை சார்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம்.