ஒரே எண்ணின் இரு முகங்கள்

மதிப்பெண் பட்டியல்களோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆகவே, அமெரிக்க நாட்டு ஐயோவாப் பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒரு மாணவனின் பட்டியலைப் போலவே ஆராய்ந்தேன். அந்நாட்டுக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும் எறிதலும் உண்டு.

பருவத்தின் பிற்பகுதியாகிய நவம்பரில் அக்குழு ஆடிய ஆட்டங்கள் நான்கு: 10-7, 22-0, 15-13, 13-10. நான்கிலும் வெற்றியே. எடுத்த புள்ளிகள் 60, கொடுத்தவை 30. காவல் மிக வலியது, தாக்குதலோ மெலிந்தது.

அம்மெலிவை ஈடுசெய்தவர் டோரி டெய்லர் என்னும் ஆஸ்திரேலியர். தாக்குதல் தடைப்படும்போதெல்லாம் பந்தை நெடுந்தொலைவு உதைத்து, எதிரிகளைத் தம் எல்லைக்கருகே தள்ளுவது அவர் பணி. பருவம் முழுவதிலும் 93 முறை உதைத்து 4,479 கஜம் சேர்த்தார். மிச்சிகன் ஸ்டேட் வீரர் ஜானி பிங்கல் 1938-இல் நிறுவிய 4,138 கஜச் சாதனை வீழ்ந்தது.

ஆயினும், நேயர்களே, 93 உதைகள் எதனைக் காட்டுகின்றன? அத்தனை முறை தாக்குதல் பயனின்றி முடிந்தது என்பதையன்றோ! உதைத்தவரின் பெருமையைக் கூறும் எண்ணே குழுவின் குறையையும் கூறுகிறது.

டிசம்பர் 2-ஆம் நாள் பிக் டென் வாகையர் ஆட்டத்தில் மிச்சிகனிடம் 0-26 எனவும், 2024 ஜனவரி 1-ஆம் நாள் டென்னசியிடம் 0-35 எனவும் ஐயோவா தோற்றது. பத்து வெற்றிகளை மட்டும் எண்ணியோர் திகைத்தனர். அவை எவ்வளவு சிறு இடைவெளியில் கிட்டின என்பதையும் கணக்கிட்டிருந்தால், அத்திகைப்புக்கு இடமிருந்திராது.