மரியாதையும் தோள்சீலையும்

ஒருவரை ஒருவர் மதித்தலின் அறிகுறியே மரியாதை என்பர். அஃது ஒருபாலே செல்லுமாயின் அடிமையின் அடையாளமாகிவிடும் என்பதற்குத் திருவிதாங்கூர் வரலாறு சான்றாகும்.

அந்நாட்டில், மேற்குலத்தார் முன்னிலையில் மார்பை மறையாதிருத்தலே ஏனையோர் செலுத்தத்தக்க மரியாதை எனப்பட்டது. கிறித்தவம் தழுவிய நாடார் குலப் பெண்டிர் இதனை மறுத்துத் தோள்சீலை அணியத் தொடங்கினர், கலகங்கள் மூண்டன. 1829-ஆம் ஆண்டின் அரசாணை அச்சீலையை விலக்கிற்று. 1859-ஆம் ஆண்டின் ஆணையோ நாடார் பெண்டிர் மார்பை மறைக்க இசைந்தது. ஆயினும் மேற்குலப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என விதித்தது. ஒத்த தோற்றமே மரியாதைக் கேடாகக் கருதப்பட்டமை இதனாற் புலனாகும்.

ஆகவே, ஒரு வழக்கம் மரியாதையோ அன்றோ எனத் துணிதற்கு, அதனைப் பெறுவோர் திருப்பிச் செலுத்துவரோ என்று வினவுதலே தக்க அளவுகோலாம் எனக் கருதுகின்றோம்.