மனிதரை நட்ட சொல்

பிளாண்டேஷன் என்றதும் நமக்கு நினைவு வருவது தேயிலை. மூணாறு, வால்பாறை, நுவரெலியா. அப்புறம் காப்பி, ரப்பர். வட அயர்லாந்தில் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள், எந்தச் செடியும் யார் நினைவுக்கும் வராது. கேட்பவர் எந்தத் தெருக்காரரோ அதைப் பொறுத்து முன்னோர் பெருமை வரும், அல்லது பறிபோன நிலம் வரும். 'பிளாண்டர்' என்று ஒருவரை அழைத்தால் அது வசையாகவும் விழும். அங்கே நட்டது ஆளை.

லத்தீனில் 'பிளாண்டா' என்றால் முளை, நடுவதற்கு வெட்டிய கிளை. அதிலிருந்து வந்த 'பிளாண்டேஷன்', 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு நாட்டு மக்களை இன்னொரு மண்ணில் கொண்டுபோய் ஊன்றுவதைக் குறித்தது. கரும்பும் பருத்தியும் விளையும் பெருந்தோட்டம் என்ற பொருள் பிறகு ஏறியது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2020 வரை தன் அதிகாரப்பூர்வப் பெயரில் 'பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்' என்ற வாலைச் சுமந்தது. அதுவும் குடியேற்றம் என்ற பழைய பொருளில்தான். கேட்பவர் காதில் அடிமைத் தோட்டமாக ஒலித்ததால் மக்கள் வாக்களித்து வாலை வெட்டிவிட்டார்கள்.

அயர்லாந்தில் முதல் நடவு 1550-களில், லீஷ், ஆஃபலி பகுதிகளில். அடுத்தது 1580-களில் மன்ஸ்டரில். அங்கே நிலம் வாங்கியவர்களில் வால்டர் ராலேயும் உண்டு, கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரும் உண்டு. இரண்டுமே சரியாக வேர் பிடிக்கவில்லை. வேர் பிடித்தது மூன்றாவது, வடக்கே அல்ஸ்டரில்.

1607 செப்டம்பரில் அல்ஸ்டரின் கேலிக் ஐரிஷ் பிரபுக்கள் ஹ்யூ ஓ'நீலும் ரோரி ஓ'டொனலும் ரத்மல்லனில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத நிலம் அரசனுக்கு என்றார் முதலாம் ஜேம்ஸ். ஆளில்லாமல் போனது அரண்மனைகளில்தான், வயல்களில் இல்லை. உழுதவர்கள் எங்கும் போகவில்லை. ஆறு மாவட்டங்கள் பங்கு போடப்பட்டன. லண்டன் வணிகக் குழுமங்களுக்கு ஒரு பங்கு போனது. 'டொய்ரே' என்றால் ஐரிஷில் ஓக் மரத்தோப்பு. டெரி நகரின் பெயர் அதிலிருந்து வந்தது. 1613-இல் அந்தத் தோப்பின் முன்னால் லண்டனை ஒட்டி 'லண்டன்டெரி' ஆக்கினார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே ஆளை எடைபோடும் வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

நிலம் பெற்ற பெரிய ஆட்களுக்கு 'அண்டர்டேக்கர்' என்று பெயர். சவ அடக்கக்காரரையும் மல்யுத்த வீரரையும் மறந்துவிடுங்கள். நடுகிற வேலையை 'ஏற்றுக்கொண்டவர்' என்று மட்டுமே பொருள். 1000, 1500, 2000 ஏக்கர் என்று பங்கு. ஒவ்வொரு 1000 ஏக்கருக்கும் இங்கிலாந்திலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ 24 ஆண்களைக் கொண்டுவர வேண்டும். அரசனே திருச்சபைக்குத் தலைவன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஐரிஷ்காரருக்குக் குத்தகை விடக்கூடாது. சுற்றிலும் 'பான்' என்ற மதில் எழுப்ப வேண்டும். இந்த 'பான்' ஐரிஷ்ச் சொல். மாட்டுக்கோட்டை என்பது அதன் பொருள். ஐரிஷ்காரனைத் தடுக்கக் கட்டிய சுவருக்கும் ஐரிஷ்காரன்தான் பெயர் கொடுத்திருக்கிறான். பெல்லாகி ஊரில் அப்படி ஒரு பான் இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்தில் வளர்ந்த கவிஞர் ஷேமஸ் ஹீனி, பழைய ஆங்கிலக் காவியமான 'பேவுல்ஃப்'பை மொழிபெயர்த்தபோது அரசனின் மாளிகைக்கு இந்தச் சொல்லையே போட்டார், தெரிந்தேதான்.

நடவு என்றால் முதலில் களை எடுக்க வேண்டும். ஆங்கிலச் சிந்தனையாளர் பிரான்சிஸ் பேக்கன் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆளைப் பிடுங்கிவிட்டு ஆளை நடுவது நடவாகாது, வேரறுப்பு என்பது அவர் கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் 1609-இல் அல்ஸ்டர் நடவை வாழ்த்தி அரசனுக்கு ஓலை கொடுத்தவரும் அவரே.

கணக்கு எங்கே பிசகியது என்று பார்க்கலாம். நட்டவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டியது 1000 ஏக்கருக்கு 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். தகுதியுள்ளவர் என்று தேர்ந்து நிலம் கொடுக்கப்பட்ட ஐரிஷ்காரர் கட்ட வேண்டியது 10 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ், சரியாக இரட்டிப்பு. மற்ற ஐரிஷ்காரர்கள் அண்டர்டேக்கர் நிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஆணை. ஆனால் கடல் கடந்து வந்த ஆள் போதவில்லை. உள்ளூர்க் குடியானவனோ தன் மண்ணைவிட்டுப் போகாமலிருக்க எவ்வளவு குத்தகை கேட்டாலும் கொடுத்தான். அண்டர்டேக்கருக்கு ஆணையைவிடப் பணம் பெரிது. கெடு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. கடைசியில் 1628-இல் நிலத்தின் கால்பங்கில் ஐரிஷ்காரரை வைத்துக்கொள்ளலாம் என்று அரசே இறங்கி வந்தது.

என் கணிப்பில் வட அயர்லாந்துச் சண்டையின் மூலம் இங்கேதான். முழுக்கத் துரத்தியிருந்தால் அது பெருங்கொடுமையாக முடிந்திருக்கும். பழையபடி விட்டிருந்தால் அரசியல் வேறு திசையில் போயிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. நேற்றுவரை தன்னுடையதாக இருந்த வயலில் ஒருவன் குத்தகைக்காரன், அவன் வேலியோரம் புதிதாக வந்த ஒருவன். வந்தவனுக்கு இரவில் தூக்கமில்லை.

1641 அக்டோபரில் அது வெடித்தது. முன்னின்றவர் கினார்ட் ஊரின் சர் ஃபெலிம் ஓ'நீல். நிலமற்றவர் அல்லர், நடவில் நிலம் தக்கவைத்த குடும்பத்தவர். ஆனால் கழுத்துவரை கடன். போர்டடவுன் பாலத்தில் சுமார் 100 குடியேறிகளை ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். குளிர்காலத்தில் உடுதுணியை உருவிவிட்டு விரட்டினார்கள் என்று தப்பியவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் சுமார் 8,000, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 31 தொகுதிகளாக இருக்கின்றன. பதிலடிக்கு 1649-இல் ஆங்கிலத் தளபதி க்ராம்வெல் வந்தார். ஐரிஷ்காரர் பெரும்பாலும் கத்தோலிக்கர்; 1641-இல் கத்தோலிக்கர் கையில் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் இருந்தது. 1703-இல் 14 சதவீதம்.

பத்திரிகைகள் வட அயர்லாந்தின் மோதலைக் கத்தோலிக்க–புராட்டஸ்டண்ட் சண்டை என்று எழுதிப் பழகிவிட்டன. மதம் பொய்யில்லை. ஆனால் யார் நடப்பட்டவர், யார் பிடுங்கப்பட்டவர் என்று தூரத்திலிருந்தே தெரிவிக்கும் அடையாளமாகத்தான் அது அதிகம் பயன்பட்டது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரெஸ்பிடேரியன் புராட்டஸ்டண்டுகளின் வாரிசுகளே 1791-இல் பெல்ஃபாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம் தொடங்கிக் கத்தோலிக்கரோடு கைகோத்ததும் நடந்தது.

ஃபெலிம் ஓ'நீலை 1653-இல் தூக்கிலிட்டார்கள். நிலம் பறிபோனது, பிறகு ஊர்ப் பெயரும் போய் காலிடன் ஆனது. 1968 ஜூனில் அதே காலிடனில் உள்ளாட்சி மன்றம் கட்டிய புது வீடு ஒன்று, காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, மணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண்ணுக்குப் போனது. பக்கத்து வீட்டில் அனுமதியின்றிக் குடிபுகுந்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்தைச் சில நாள் முன்புதான் வெளியேற்றியிருந்தார்கள். அதை எதிர்த்துச் சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அந்தப் பெண்ணுக்குப் போன வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வீட்டுக்கா இவ்வளவு என்று தோன்றலாம். அன்று வட அயர்லாந்தில் உள்ளாட்சி வாக்கு பெரும்பாலும் சொந்தமாகவோ வாடகைக்கோ வீட்டைத் தன் பெயரில் வைத்திருப்பவருக்கும் அவர் துணைக்கும்தான். வீடு கொடுப்பது வாக்கு கொடுப்பது. அந்த ஆகஸ்டில் முதல் குடிமை உரிமைப் பேரணி, அக்டோபரில் டெரியில் தடியடி, பிறகு 30 ஆண்டு வன்முறை, 3,500 பேர் அளவில் சாவு. 1998-இல்தான் அமைதி உடன்படிக்கை. ஆஸ்டின் கரி உட்கார்ந்த வீடு இருந்த தெருவின் பெயர் கின்னார்ட் பார்க்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஐரிஷின் மிகப் பழைய வடிவில் 'ப' ஒலி இல்லை. ராமனை நாம் இராமன் ஆக்கியதுபோல, லத்தீன் சொற்கள் வந்தபோது 'ப'வைக் 'க' ஆக்கிக்கொண்டார்கள். ஈஸ்டருக்கு உரிய 'பாஸ்கா' அங்கே 'காஷ்க்' ஆனது. அதே வழியில் 'பிளாண்டா' என்ற முளை 'கிளாண்ட்' ஆகி 'கிளான்' ஆனது. பொருள் குழந்தைகள், வம்சம். சுற்றத்தைக் கிளை என்று சொல்லும் நமக்கு இது புரியும். கேலிக் குலத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்குப் போன 'கிளான்' இதுவே. ஆகப் பிடுங்கப்பட்ட கிளானும் நடப்பட்ட பிளாண்டரும் ஒரே லத்தீன் முளை. ஒன்று துறவிகள் காலத்தில் வந்தது, மற்றது படையோடு வந்தது.

தமிழில் அல்ஸ்டரைப் பற்றி எழுதுவோர் பிளாண்டேஷனைக் 'குடியேற்றம்' என்று போடுகிறார்கள். குடியேறுபவன் தானாக வருகிறான். நடுவதற்கு ஒரு கை வேண்டும், அந்தக் கை அரசனுடையது. அடுத்த முறை 'நடவு' என்றே எழுதுங்கள்.