கொம்பனித்தெருவும் முதலை வாவியும்

நோர்வே நாட்டு ஏரிக்கரைக் கிராமங்களிலே, நீருக்கடியிற் பதுங்கியிருக்கும் ‘நொக்கன்’ என்னும் பூதம் கரைக்கு வருவாரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது பழங்கதை. குழந்தைகளை நீர்விளிம்பிலிருந்து விலக்கிவைக்க அது தாய்மார்க்கு உதவிற்று. கொழும்பின் நடுவே கிடக்கும் பேரை வாவிக்கும் ஓர் அச்சக்கதை உண்டு. அது எசமானர்க்கு உதவிய கதை.

போர்த்துக்கேயர் தம் கோட்டையின் தரைப்புறக் காவலுக்காக நீரைத் தேக்கியதே இவ்வாவி. 1587இல் கோட்டையை முற்றுகையிட்ட சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் கால்வாய் வெட்டி அந்நீரை வடித்தான். 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களுடைய கொம்பனியின் அடிமைகள் பகலெல்லாம் கோட்டையில் உழைத்தனர். இரவில் வாவிக்கு அப்பாலுள்ள நிலத்திடலில் அடைக்கப்பட்டனர். நீந்தித் தப்புவாரைத் தடுக்க வாவியில் முதலைகளை விட்டிருந்தனராம். ஒல்லாந்த அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் அடிமைகளாற் கொலையுண்ட பின்னரே இக்காவல் இறுகிற்று என்பது வழிவழி வந்த கதை. முதலைகள் விடப்பட்டனவோ, தாமே வாழ்ந்தனவோ, அடிமைக்கு இரண்டும் ஒன்றே.

அடிமைகள் என்றதும் ஆபிரிக்கரே நினைவுக்கு வருவர். தமிழரும் அவருள் இருந்தனர் என்பது பலரறியாச் செய்தி. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றினர். தன்னையும் பிள்ளையையும் விற்றுப் பசி தீர்த்தவரின் பெயரை எந்தக் கதையும் காக்கவில்லை.

ஆங்கிலேயர் 1796இல் வந்தனர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. ஆயினும் அத்திடலை அவர்கள் ‘அடிமைத் தீவு’ என்றே அழைத்தனர். தமிழர் கொம்பனித்தெரு என்றனர். சிங்களவர் கொம்பஞ்ஞவீதிய என்றனர். ஆங்கிலத்திலும் சிங்களப் பெயரையே வழங்கவேண்டுமென 2022இல் அரசு பணித்தது. இழிவான சொல் நீங்கியது நன்றே. எனினும் அடைபட்டவரை நினைவூட்டிய பெயர் போக, அடைத்தவரின் பெயர் நின்றுவிட்டது.

மலாய்ப் போர்வீரர்களின் நினைவுக்கு அத்தகைய குறைவில்லை. அவர்கள் சேவித்த இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. மலாய் வீதியும் ரைபிள் வீதியும் இன்றும் அங்கே உள்ளன. 1786இல் எழுந்த வேகந்தைப் பள்ளிவாசலில் தொழுகை நடக்கின்றது. வாவியோ பல பக்கமும் தூர்க்கப்பட்டு, ஏறக்குறைய 65 ஹெக்டேயராய்ச் சுருங்கிக் கிடக்கின்றது.